ஆறு மணி நேர டாலர்: கறுப்பினத்தவர் கடையில் வாங்கினால் பணம் எங்கே போகிறது?

கேள்வி: அட்லாண்டாவில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் கறுப்பின நண்பர், முடிந்தவரை கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளில்தான் வாங்குவேன் என்கிறார். ‘ஒரு டாலர் ஆசியர் வட்டாரத்தில் 28 நாள் சுற்றுகிறது, யூதர்களிடம் 19 நாள், எங்களிடம் 6 மணி நேரம்தான்’ என்று ஒரு படமும் அனுப்பினார். இந்தக் கணக்கு உண்மையா? இப்படி வாங்குவதால் ஏதாவது மாறுமா? நம்மூரில் சாதி பார்த்துக் கடைக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எங்கள் டீமில் சாப்பாடு, அச்சுவேலை மாதிரி சின்னச் சின்ன ஆர்டர்கள் என் கையில்தான் இருக்கின்றன. நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அந்தப் படம் எனக்கும் பல தடவை வந்திருக்கிறது. அதை நம்ப வேண்டாம். யார் எடுத்த கணக்கு, எந்த வருடம், எந்த ஊரில் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் வேறொருவரை. கடைசிவரை ஆய்வு என்று ஒன்று கையில் சிக்காது. கொஞ்சம் யோசித்தால், அப்படி அளக்கவே முடியாது என்பதும் தெரியும். நோட்டுக்கு இனம் கிடையாது. கார்டில் போகும் பணத்தைக் கடைக்காரரின் நிறம் பார்த்து யாரும் பின்தொடர்வதில்லை. ‘ஆசியர் வட்டாரம்’ என்பது எது? நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டும் வங்கதேசத்துக்காரரும் கலிபோர்னியாவில் மருத்துவமனை வைத்திருக்கும் சீனரும் ஒரே வட்டாரமா? நீங்களும் அந்த ஆசியர் கணக்கில்தான் வருகிறீர்கள். போன மாதச் சம்பளம் 28 நாள் நம்மவர்களிடமே சுற்றியதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கடனும் கார் இன்ஷூரன்ஸும் காஸ்ட்கோவும் போக, படேல் பிரதர்ஸ் மாதிரி நம்மவர் பலசரக்குக் கடையில் எவ்வளவு விட்டிருப்பீர்கள்?

கூடவே வரும் இன்னொரு எண் ‘வாங்கும் சக்தி’. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் செலிக் மையம் போடுகிற கணக்கு அது. 2020இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாங்கும் சக்தி 1.6 லட்சம் கோடி டாலர் என்றது. உடனே மேடையில் ஒருவர் எழுந்து, ‘நாம் ஒரு தனி நாடாக இருந்தால் உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று, பணத்தை வீணடிக்கிறோம்’ என்று திட்ட ஆரம்பித்துவிடுவார். வரி போகக் கையில் வரும் வருமானத்தின் மொத்தம்தான் அந்த எண். வாடகை, மருந்து, கடன் தவணை எல்லாம் அதற்குள் அடக்கம். விளம்பரக் கம்பெனிகளுக்கு உதவும் எண் அது, சொத்துக் கணக்கு இல்லை. சொத்து வேண்டுமானால் ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பைப் பாருங்கள். வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பணம் ஏன் தங்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

படம் பொய்யாக இருந்தாலும் அது சுட்டும் ஓட்டை உண்மை. 2022இல் ஆள் வைத்து நடத்தும் கறுப்பினத் தொழில்கள் அமெரிக்காவில் 1,94,585 இருந்தன. 2017இல் 1,24,004ஆக இருந்தது, நல்ல வளர்ச்சிதான். இருந்தாலும் நாட்டின் மொத்த நிறுவனங்களில் அது சுமார் 3 சதவீதம். மொத்த விற்பனையில் 1 சதவீதம். மக்கள்தொகையிலோ அவர்கள் 14 சதவீதத்தை ஒட்டி. அதாவது உங்கள் நண்பர் எவ்வளவு வைராக்கியமாக இருந்தாலும், தன் செலவில் பெரும்பகுதிக்குப் போவதற்குக் கடையே இருக்காது. 2009இல் சிகாகோ பக்கத்து ஓக் பார்க்கைச் சேர்ந்த மேகி ஆண்டர்சன் குடும்பம் ஒரு வருடம் முழுக்கக் கறுப்பினக் கடைகளில் மட்டும் வாங்குவது என்று சபதம் எடுத்துப் பார்த்தது. கணவனும் மனைவியும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள், படித்தவர்கள். பலசரக்குக்கே தடுமாறினார்கள். சிகாகோவின் தெற்குப் பக்கம் ஒரு நல்ல சூப்பர் மார்க்கெட்டைக் கண்டுபிடித்துத் தேடிப்போய் வாங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அந்தக் கடையே மூடப்பட்டது.

பணம் எந்த இடத்தில் வெளியே போகிறது என்பதை ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். தலைமுடியை எடுத்துக்கொள்கிறேன், அதில் நமக்கும் சம்பந்தம் உண்டு.

திருமலையில் மொட்டை போட்டு இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. பழநியிலும் சமயபுரத்திலும் அப்படித்தான். பெண்களின் நீள முடிக்குத்தான் விலை. வேர்ப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி கட்டியது ‘ரெமி’ என்று தனித் தரமாகப் போகும். சென்னை ஏற்றுமதியாளர்கள் அதைச் சிக்கெடுத்து, அலசி, நீளவாரியாகப் பிரித்து அனுப்புகிறார்கள். ஒரு பகுதி சீனாவில் ஷூசாங் போன்ற ஊர்களுக்குப் போய் விக்காகவும் சவுரியாகவும் மாறுகிறது. கடைசியில் அது வந்து சேரும் முக்கியமான சந்தைகளில் ஒன்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். அட்லாண்டாவில் எந்தக் கறுப்பினக் குடியிருப்புக்குப் போனாலும் ‘ப்யூட்டி சப்ளை’ என்று பெரிய போர்டு வைத்த கடை ஒன்றைப் பார்ப்பீர்கள். உள்ளே போனால் சுவர் முழுக்க முடிப் பொட்டலங்கள். பல பொட்டலங்களில் ‘இந்தியன்’, ‘ரெமி’ என்று எழுதியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கொரியர்.

இது ஏதோ தற்செயல் இல்லை. 1960களின் நடுவில், பனிப்போர்க் காலத்தில், கம்யூனிஸ்ட் சீனாவின் முடி எந்த வடிவில் வந்தாலும் இறக்குமதி கூடாது என்று அமெரிக்கா தடை போட்டது. தென் கொரியா அந்த இடத்தைப் பிடித்தது. தன் நாட்டு முடியைக் கச்சாவாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்று சட்டமும் போட்டுக்கொண்டு, விக்காகச் செய்து அனுப்பியது. அப்போது அமெரிக்காவுக்குக் குடியேறிய கொரியர்கள் அந்தச் சரக்கைக் கையில் எடுத்தார்கள். தயாரிப்பாளர், இறக்குமதியாளர், ஹோல்சேல்காரர், கடைக்காரர் என்று முழுச் சங்கிலியும் ஒரே மொழி பேசுகிற ஆட்கள் கையில் வந்துவிட்டது. புதிதாகக் கடை போடும் கொரியருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுக்க ஆள் உண்டு, ‘கே’ என்ற சீட்டு போட்டு முதல் சேர்க்கவும் வழி உண்டு. கறுப்பினப் பெண் ஒருவர் அதே தெருவில் கடை போட்டால், சில ஹோல்சேல்காரர்கள் கணக்கே திறக்க மறுக்கிறார்கள், நன்றாக ஓடும் பிராண்டைத் தருவதில்லை என்பது அங்கே பல வருடப் புகார். கொரியர்களை வில்லனாக்குவது சுலபம். 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் அவர்கள் கடைகள் வரிசையாக எரிந்தது எதுவரை போகும் என்பதைக் காட்டியது. வங்கி கடன் கொடுக்காத, பெரிய சங்கிலிக் கடைகள் எட்டிப் பார்க்காத தெருவில் வாடகை மலிவு என்பதால் போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழில் ஒரு காலத்தில் கறுப்பினத்தவர் கையில்தான் இருந்தது. மேடம் சி.ஜே. வாக்கர் 1910இல் இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை போட்டு, ஊர் ஊராகப் பெண் ஏஜென்டுகளை வைத்துக் கூந்தல் பராமரிப்புப் பொருள்களை விற்றார். சிகாகோவில் 1954இல் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய ஜான்சன் புராடக்ட்ஸ் 1971இல் ‘அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பங்குச் சந்தையில் பட்டியலான முதல் கறுப்பின நிறுவனம். அப்புறம் பெரிய அழகுசாதனக் கம்பெனிகளுக்குக் கறுப்பினப் பெண்களின் பர்ஸ் கண்ணில் பட்டது. ஜான்சன் 1993இல் கைமாறியது. சாஃப்ட்ஷீன் என்ற இன்னொரு கறுப்பின நிறுவனத்தை 1998இல் லோரியல் வாங்கியது. ஷியா மாய்ஸ்சர் பிராண்டின் சண்டியல் நிறுவனத்தை 2017இல் யூனிலீவர் வாங்கியது. இதைத் துரோகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளை முதலாளி கம்பெனியை விற்றால் சாமர்த்தியம், கறுப்பினத்தவர் விற்றால் இனத்துரோகமா? சண்டியலை விற்ற ரிச்சலூ டெனிஸ் அந்தக் கையோடு, கறுப்பினப் பெண்களுக்கான எசென்ஸ் பத்திரிகையை 2018இல் டைம் நிறுவனத்திடமிருந்து மீட்டார். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கென்று 10 கோடி டாலர் நிதியும் உருவானது. சொத்து கைக்கு வந்தால்தான் அடுத்தவருக்கு முதல் போட முடியும்.

ஆக, நண்பர் ஒரு கறுப்பினக் கடையில் 100 டாலருக்கு முடி வாங்கினாலும், கடைக்காரருக்குக் கிடைப்பது சில்லறை லாபம் மட்டும். சரக்கு விலை ஹோல்சேல்காரருக்கும் சீனத் தொழிற்சாலைக்கும் சென்னை ஏற்றுமதியாளருக்கும் போகிறது. கட்டடம் யாருடையதோ வாடகை அவருக்கு. கடன் எந்த வங்கியோ வட்டி அதற்கு. அப்படியானால் பிரயோசனமே இல்லையா? உண்டு. டெக்சஸின் ஆஸ்டினில் 2002இல் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்ப் புத்தகக் கடையிலும் இசைத்தட்டுக் கடையிலும் செலவழிக்கும் 100 டாலரில் 45 ஊருக்குள் சுற்றுகிறது, தேசியச் சங்கிலிக் கடையில் 13தான் என்று கணக்குச் சொன்னது. இது இனம் பற்றிய கணக்கு இல்லை, உள்ளூர் முதலாளி பற்றியது. ஆனால் சூத்திரம் அதேதான். முதலாளி அந்த ஊரிலேயே வாழ்ந்து, அந்த ஊர் ஆளை வேலைக்கு வைத்து, அந்த ஊர்க் கணக்காளரிடம் போனால் பணம் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றும்.

‘அந்தக் காலத்தில் எங்கள் பணம் எங்களிடமே இருந்தது’ என்ற பேச்சும் உங்கள் காதில் விழும். டல்சாவின் கிரீன்வுட், டர்ஹமின் பாரிஷ் தெரு, உங்கள் ஊர் ஆபர்ன் அவென்யூ என்று பழைய கறுப்பினக் கடைத்தெருக்களின் பெயர்கள் வரும். உண்மைதான், ஆனால் அது விரும்பிச் சேர்த்துவைத்த பணம் இல்லை. வெள்ளையர் ஹோட்டலில் அறை கிடையாது, வெள்ளையர் இன்ஷூரன்ஸில் பாலிசி கிடையாது. அதனால் கறுப்பின ஹோட்டலும் இன்ஷூரன்ஸும் வளர்ந்தன. டர்ஹமில் 1898இல் தொடங்கிய நார்த் கரோலைனா மியூச்சுவல் அப்படி எழுந்ததுதான். அப்படி வளர்ந்ததையும் விட்டுவைக்கவில்லை. 1921 மே 31 இரவும் மறுநாளும் டல்சாவில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டின் 35 பிளாக்குகளைக் கொளுத்தியது. ‘கலவரம்’ என்ற ஷரத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தரவில்லை. அதிலிருந்தும் எழுந்து நின்ற கிரீன்வுட்டை, பிற்பாடு நகரச் சீரமைப்பும் ஐ-244 நெடுஞ்சாலையும் நடுவில் பிளந்தன. நியூ ஆர்லியன்ஸில் கிளெய்பர்ன் அவென்யூ, மயாமியில் ஓவர்டவுன், டர்ஹமில் ஹேட்டி என்று நெடுஞ்சாலை ஏறிய கறுப்பினக் கடைத்தெருக்கள் நிறைய. 1964 சிவில் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு கறுப்பின வாடிக்கையாளருக்கு எல்லாக் கடையும் திறந்தது. ஆனால் வெள்ளையர் யாரும் கறுப்பின ஹோட்டலுக்கு வந்து தங்கவில்லை. போக்கு ஒருவழிதான். எனவே ‘ஒற்றுமை போய்விட்டது, அதனால்தான் பணம் நிற்கவில்லை’ என்று மக்களைக் குறை சொல்வது எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு.

வங்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘கறுப்பின வங்கியில் பணத்தைப் போடுங்கள்’ என்பது பழைய முழக்கம். ரிச்மண்டில் மேகி லீனா வாக்கர் 1903இல் செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கியைத் தொடங்கினார். துணி துவைத்துப் பிழைத்த தாயின் மகள் அவர். காசு காசாகச் சேர்க்கிறவர்களின் வங்கி என்று பெயரிலேயே தெரியும். 1920க்குள் சுமார் 600 குடும்பங்கள் வீடு வாங்க அது கைகொடுத்தது. 1905இல் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரும் திறந்தார், விற்பனையில் கறுப்பினப் பெண்கள். வெள்ளை வியாபாரிகள் ஒன்று சேர்ந்து, அந்தக் கடைக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். சில வருடங்களில் கடை மூடியது. வங்கி நின்றது, கடை விழுந்தது என்பதைக் கவனியுங்கள். சரக்குச் சங்கிலி அடுத்தவர் கையில் இருந்தால் எவ்வளவு விசுவாசமான வாடிக்கையாளர் இருந்தும் பயனில்லை.

வங்கிக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஏழைகளின் டெபாசிட் சின்னது, அடிக்கடி எடுப்பார்கள், அதனால் வங்கி கையில் ரொக்கம் அதிகம் வைத்திருக்க வேண்டும், கடன் குறைவாகத்தான் கொடுக்க முடியும். கடன் வாங்கி ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கினால், அன்றைக்கு வீட்டை விற்றவர் பெரும்பாலும் வெள்ளையர். பணம் அவர் வங்கிக்குப் போய்விடும். கறுப்பின வங்கி கையில் மிஞ்சுவது அடமானப் பத்திரம். அந்த வட்டாரத்தையே ‘ஆபத்தான பகுதி’ என்று 1930களில் அரசு வரைபடத்தில் சிவப்பு அடித்து வைத்ததால் வீட்டின் மதிப்பும் ஏறாது. 2020இல் நெட்ஃப்ளிக்ஸ் தன் ரொக்கத்தில் 2 சதவீதத்தை, 10 கோடி டாலரை, கறுப்பினச் சமூகங்களுக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கு ஒதுக்கியது இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துகிற காரியம். பெரிய தொகை, அசையாமல் கிடக்கிற தொகை. ஆயிரம் பேர் நூறு நூறு டாலராகப் போட்டு அடுத்த மாதம் எடுப்பதைவிட வங்கிக்கு இதுதான் உபயோகம்.

வாடிக்கையாளர்கள் சேர்ந்து சாதித்த கதை உண்டா என்றால், எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஃபிலடெல்ஃபியா. 1930களிலேயே ‘வேலை தராத இடத்தில் வாங்காதே’ என்ற இயக்கம் சிகாகோவிலும் ஹார்லெமிலும் வாஷிங்டனிலும் ஓடியது. அப்படிக் கடை முன்னால் மறியல் செய்வது சரிதான் என்று 1938இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் சயன் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாதிரியார் லியான் சல்லிவன் அதைப் பட்டை தீட்டினார். ஊரில் எல்லோரும் தின்கிற கேக் டேஸ்டி பேக்கிங் கம்பெனியுடையது. கறுப்பினத்தவரும் நிறைய வாங்கினார்கள், ஆனால் அவர்களுக்கு நல்ல வேலை கிடையாது. சல்லிவன் குழு கேட்டது மிகச் சின்னது. டெலிவரி டிரைவராக, ஆபீஸ் எழுத்தராக, கேக்கின் மேல் ஐசிங் பூசும் பிரிவில் சில பெண்களாக என்று விரல் விட்டு எண்ணும்படி சில வேலைகள். கம்பெனி மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை சுமார் 400 பாதிரியார்கள் பிரசங்க மேடையிலிருந்து ‘இனி அந்தக் கேக்கை வாங்காதீர்கள்’ என்றார்கள். ஒரு கோடைக்குள் கம்பெனி இறங்கி வந்தது. பிறகு பெப்சி, கல்ஃப் ஆயில், சன் ஆயில் என்று ஒரு நேரத்தில் ஒரு கம்பெனி. எல்லோரையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ளவில்லை. கேட்டது கிடைத்ததும் திரும்ப வாங்கச் சொன்னார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1962இல் இவரை அட்லாண்டாவுக்கு அழைத்துப் பாடம் கேட்டார், கம்பெனிகளை நெருக்கிக் கறுப்பினத்தவருக்கு வேலை வாங்கித்தந்த ‘ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட்’ பிறந்தது அப்படி.

சல்லிவன் அதோடு நிற்கவில்லை. வேலை வாங்கினாலும் சொத்து நம்முடையது ஆகவில்லையே என்று யோசித்தார். 1962இல் ‘10-36’ என்று ஒரு திட்டம். மாதம் 10 டாலர், 36 மாதம். முதல் 16 மாதப் பணம் கல்வி போன்ற தரும காரியங்களுக்கு, மீதி 20 மாதப் பணம் லாபம் தேடும் முதலீட்டுக்கு. 50 பேர் சேருவார்கள் என்று நினைத்தார், 200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். நம்மூர்ச் சீட்டுப் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, ஆனால் இங்கே சீட்டை எடுத்தது தனி ஆள் இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். குடியிருப்பு கட்டினார்கள். 1968இல் நார்த் பிராட் தெருவில் ‘பிராக்ரஸ் பிளாசா’ என்ற வணிக வளாகம் எழுந்தது. அதில் முக்கிய வாடகைதாரர் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலிக் கடை, கறுப்பினத்தவர் கடை இல்லை. சல்லிவனுக்கு அதில் சங்கடமும் இல்லை. கட்டடம் நம்முடையது, வாடகை நமக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்த வளாகம் இன்றும் நிற்கிறது. கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பட்டா யார் பெயரில் என்று பார்த்த மனிதர் அவர்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு வந்த அலை வேறு மாதிரி. கூகுள் மேப்பில் ‘கறுப்பினத்தவர் உரிமை’ என்று அடையாளம் வந்தது. கடையின் தட்டுகளில் 15 சதவீதம் கறுப்பின பிராண்டுகளுக்கு என்று அரோரா ஜேம்ஸ் தொடங்கிய உறுதிமொழியில் முதலில் கையெழுத்துப் போட்டது அழகுசாதனச் சங்கிலிக் கடையான செஃபோரா. இன்ஸ்டாகிராமில் பட்டியல்கள் பறந்தன. மெழுகுவத்தியும் சோப்பும் டீ-ஷர்ட்டும் அந்த ஜூனில் விற்றுத் தீர்ந்தன. ஒரே வாரத்தில் வருட ஆர்டர் வந்தால் சின்னத் தொழிலுக்கு அது வரமா? கச்சாப் பொருள் கடனில் வாங்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், தாமதமானால் அதே வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் போடுவார், செப்டம்பரில் ஆர்டர் நின்றுவிடும்.

பெரிய கடைக்குள் நுழைந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். டார்கெட் 2025க்குள் கறுப்பினத் தொழில்களில் 200 கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாகச் சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சுருக்கியது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாதிரியார் ஜமால் பிரையன்ட், தவக்காலத்தில் 40 நாள் டார்கெட்டுக்குப் போகாதீர்கள் என்று அழைத்தார். சல்லிவனின் பாணிதான். ஆனால் இப்போது அந்தத் தட்டுகளில் கறுப்பினப் பெண்களின் பொருட்களும் இருந்தன. எங்கள் சரக்கு தேங்கினால் முதலில் வெளியே போவது நாங்கள்தான் என்று அவர்களில் சிலர் வெளிப்படையாகவே கவலைப்பட்டார்கள். எந்தப் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்த பிராண்டின் சொந்தத் தளத்தில் அதே பொருள் கிடைத்தால் அங்கே வாங்கலாம், இரண்டு சங்கடமும் தீரும்.

சரி, சாதிக் கேள்வி. ‘நம்ம ஆள் கடை’ என்று போவது நம்மூரில் பல சமயம் இன்னொருவரை உள்ளே விடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஏற்கெனவே நிலமும் கடையும் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது ஒன்று, எல்லாக் கதவும் மூடியிருந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கதவு போட்டுக்கொள்வது வேறு. மேலே சொன்ன 2,85,000 டாலருக்கும் 44,900 டாலருக்கும் நடுவே நின்றுகொண்டு இரண்டும் ஒன்று என்று எனக்குச் சொல்ல வராது. உங்கள் நண்பர் யாரையும் தன் கடைக்குள் வராதே என்று தடுக்கவில்லை. தன் காசை எங்கே போடுவது என்றுதான் தேர்ந்தெடுக்கிறார்.

சட்டம் மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் ஆர்டர் உங்கள் கம்பெனி பெயரில் போகிறது. தனி ஆள் எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார் என்று யாரும் கேட்க முடியாது. கம்பெனியோ அரசோ இனத்தை வைத்து ஒப்பந்தம் ஒதுக்கினால் வழக்கு வரும். அட்லாண்டாவில் மேயர் மேனார்ட் ஜாக்சன் 1970களில் விமான நிலைய விரிவாக்கத்தில் 25 சதவீத வேலை சிறுபான்மையினருக்கு என்று பிடிவாதமாக நின்றார். கறுப்பின ஒப்பந்தக்காரர்கள் ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. ஊர் முழுக்க எல்லோரும் தேடித்தேடிச் சாமான் வாங்கியிருந்தாலும் அந்தப் பலன் வந்திருக்காது. ரிச்மண்ட் நகரமும் 30 சதவீதம் என்று வைத்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அண்மையில், கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் என்று மானியப் போட்டி நடத்திய அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் மேல் 2023இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் அந்தப் போட்டியையே மூடி சமரசம் செய்துகொண்டது. எந்தச் சட்டத்தை வைத்து வழக்கு தெரியுமா? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உறுதிசெய்ய 1866இல் கொண்டுவந்த சட்டம்.

ஆகவே ‘இந்த ஆர்டர் கறுப்பினத்தவருக்கு மட்டும்’ என்று மெயிலில் எழுதாதீர்கள். வேறு வழி இருக்கிறது, அதுதான் நிஜமாகவே உபயோகம். கொட்டேஷன் கேட்கும் பட்டியலை அகலமாக்குங்கள். மூன்று கேட்டரிங்காரரிடம் கேட்கும் இடத்தில் ஐந்து பேரிடம் கேளுங்கள், அதில் இரண்டு பேர் இதுவரை உங்கள் கம்பெனி வாசல் மிதிக்காதவர்களாக இருக்கட்டும். தரத்திலும் விலையிலும் வெல்பவருக்குக் கொடுங்கள். சப்ளையராகப் பதிவு செய்வதற்கு உங்கள் கம்பெனி கேட்கும் இன்ஷூரன்ஸ் சான்றிதழும் படிவங்களும்தான் முதல் வேலி. முதல் ஆர்டரின்போது நீங்களே உட்கார்ந்து அதை முடித்துக்கொடுத்தால் அப்புறம் அவர் வேறு டீமிலும் நுழையலாம். வருடத்துக்கு ஒரு முறை பெரிய விருந்தைவிட, மாதா மாதம் ஒரு சின்ன ஆர்டர் நல்லது. அதைக் காட்டித்தான் அவர் வங்கியில் கடன் கேட்க முடியும்.

உங்கள் சொந்தப் பணத்தில் செய்வதானால், பலசரக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். லாபம் குறைந்த, சரக்கெல்லாம் வெளியிலிருந்து வரும் தொழில் அது. வரி தாக்கல், பல் மருத்துவர், பிளம்பர், முடிவெட்டுவது என்று உழைப்பே விலையாக இருக்கும் இடங்களில் பணத்தின் பெரும்பகுதி அந்த ஆளிடமே தங்கும். சும்மா கிடக்கும் எமர்ஜென்சி பணத்தைக் கறுப்பின வங்கியில் டெபாசிட்டாகப் போடலாம். உங்கள் ஊரிலேயே சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி இருக்கிறது. எஃப்.டி.ஐ.சி. என்ற அரசு டெபாசிட் காப்பீட்டின் பாதுகாப்பு மற்ற வங்கிகளைப் போலவே 2,50,000 டாலர் வரை. போட்டுவிட்டு எடுக்காமல் வைப்பதுதான் உதவி. வேலையில் குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள், விமர்சனம் எழுத அப்புறம் நேரம் இருக்கிறது. பாவம் பார்த்து மோசமான வேலையை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம், அது அவருக்கும் நல்லதில்லை.

இன்னொன்று, கம்பெனிகளில் யாரும் கண்டுகொள்ளாதது. உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு சப்ளையர் பில்லுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 60 நாள், 90 நாள் என்பார்கள். கைமுதல் இல்லாமல், வங்கிக் கடன் வரம்பும் இல்லாமல், உங்களுக்குச் சமைத்துப் போட்ட கேட்டரிங்காரர் அந்த 60 நாளை கிரெடிட் கார்டு வட்டியில்தான் ஓட்டுகிறார். லாபம் அதிலேயே கரைந்துவிடும். சின்ன சப்ளையர்களுக்கு மட்டும் 10 நாளில் பட்டுவாடா என்று ஒரு விதிவிலக்கு வாங்கித்தர உங்கள் மேனேஜரால் முடியும். அதற்கு இனம் எதுவும் எழுத வேண்டியதில்லை, எந்த வக்கீலும் ஆட்சேபிக்க மாட்டார். முதலில் அதைக் கேளுங்கள்.